மேற்கு வாசலிலிருந்து பார்த்தால்

அருணகிரி என் அண்ணனுக்குச் சந்தன மாலை போட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். யாருக்குப் போடுகிறோம் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மேற்கு வாசல் பக்கம் என்னோடு நின்றிருந்த நானூறு பேருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. பொங்கல் கழிந்த வாரத்தில், ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் இருக்கும் எங்கள் ஷூ கம்பெனியின் புது வரவேற்பு ஹாலைத் திறந்த அன்று இது நடந்தது. நான் அங்கே கட்டிங் செக்‌ஷனில் பதினாறு வருஷமாகத் தோல் வெட்டுகிறவள். பெயர் ஹேமலதா. சுவரில் தொங்கிய அந்தத் தோல் படத்தைச் செய்தவளும் நான்தான்.

அருணகிரி எங்கள் முதலாளி. எதிரில் நிற்கும்போது அவனை 'சார்' என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது அந்த மரியாதை வரமாட்டேன் என்கிறது. அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாகவும் இல்லை.

முதலில் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாண்டியன், ஷூ கம்பெனிக்குப் பின்னாலேயே இருக்கும் அருணகிரியின் தோல் பதனிடும் டேனரியில் பதினொரு வருஷம் டிரம் பார்த்தவன். டிரம் என்பது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மரப் பீப்பாய். தோலும் மருந்துத் தண்ணீரும் அதற்குள் நாள் முழுக்கச் சுற்றும். ரிஜிஸ்டரில் அவன் பெயர் கிடையாது. காண்ட்ராக்டர் நோட்டில் அவன் வெறும் 'டிரம் ஆள், நாலு'. ஆனால் முதலாளிக்கு அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் பழக்கம். டிரம் சத்தம் கொஞ்சம் மாறினால் ஆபீஸ் வாசலிலிருந்தே "பாண்டியா" என்று குரல் கொடுப்பான். ஒருமுறை டிரம் மூடி தெறித்து அண்ணனின் இடது புருவம் கிழிந்தபோது, தன் கர்ச்சீப்பாலேயே கட்டிவிட்டு ஆட்டோ பிடித்து அனுப்பியவனும் அருணகிரிதான். அந்தப் புருவம் கடைசி வரை இரண்டு துண்டாகத்தான் இருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். கை எச்சிலாக இருந்ததால் அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டான். "பாண்டியா, கழிவுத் தொட்டி அடைச்சிக்குச்சி. செத்த வந்து பாத்துட்டுப் போ." இவ்வளவுதான் பேச்சு. அண்ணன் கை கழுவிவிட்டுக் கிளம்பினான். மூன்று மணிக்கு அவனைத் தொட்டியிலிருந்து தூக்கினார்கள். உள்ளே இறங்கினவனை விஷவாயு எழுந்திருக்கவே விடவில்லை.

மறுநாள் ஸ்டேஷனில் அருணகிரி எழுதிக் கொடுத்தது இதுதான்: இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை, லீவு நாளில் சுவர் ஏறிக் குதித்து மோட்டாரின் செம்புக் கம்பியைத் திருட வந்து, கால் தவறித் தொட்டியில் விழுந்திருக்கிறான். வாட்ச்மேன் ஆமாம் என்றான். காண்ட்ராக்டர் அப்படி ஒரு நோட்டே கிடையாது என்றான். அருணகிரி போன பிறகு, போன் வந்ததை நான் சொன்னேன். அண்ணனின் போன் அவனோடு சேர்ந்து தொட்டியில் ஊறிப் போயிருந்தது. எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் பேனாவை மூடி வைத்தார்.

அண்ணி கண்ணம்மாள் ஆலங்காயத்தில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். இவள் போவதற்கு முன்பே அந்தப் பேச்சு அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. தண்ணீர்க் குழாயடியில் அவள் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு, 'திருடன் பொண்டாட்டி' என்று அவள் காதில் விழும்படியே பேசினார்கள். புருஷன் செத்ததை அவள் ஒருமாதிரி தாங்கிக்கொண்டாள். இந்தப் பெயரை அவளால் தாங்க முடியவில்லை. நாற்பது வயதில் கூன் விழுந்தவள் மாதிரி தலையைக் குனிந்தே நடந்தாள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவனிடமே வேலைக்குப் போகிறாயே, ரோஷம் இல்லையா என்று என் வீட்டுக்காரரே கேட்டிருக்கிறார். வேறு கம்பெனியில் வேலை கிடைக்காது என்பது பாதிப் பதில். மீதிப் பாதியை நான் யாருக்கும் சொன்னதில்லை. எதிரியை விட்டு எட்டப் போய்விட்டால் கோபம் ஆறிவிடும். எனக்கு ஆறக் கூடாது. தினமும் அவன் கார் கிழக்கு வாசலில் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு மேற்கு வாசலில் நுழைந்தால், அன்றைக்குத் தேவையான சூடு ஏறிவிடும். நான் பாண்டியனின் தங்கை என்று கூட வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது. அவனுக்கு நான் ஒரு ஏப்ரன், ஒரு டோக்கன் நம்பர்.

சாப்பாட்டு இடைவேளையில் சும்மா உட்கார எனக்கு வராது. ஷூவுக்கு வெட்டி மிஞ்சின துண்டுகளைப் பலகையில் ஒட்டி ஏதாவது செய்வேன். காக்கா, ஆடு, என் பக்கத்து மேசையில் தையல் வேலை பார்க்கும் சுகரா பேகத்தின் சாப்பாட்டு டப்பா. சுகரா என்னைவிடப் பத்து வயது மூத்தவள், வாணியம்பாடிக்காரி. அக்கா என்ற அர்த்தத்தில் அவளை ஆப்பா என்று கூப்பிடுவேன். "டப்பாவப் படமா செஞ்சி இன்னா பண்ணப் போற?" என்று சிரிப்பாள். செய்யாவிட்டால் கை நமநம என்றிருக்கும், அவ்வளவுதான்.

புது ஹாலை அலங்காரம் பண்ணச் சென்னையிலிருந்து ஒரு இன்டீரியர்காரர் வந்தார். என் காக்காவைப் பார்த்துவிட்டு முதலாளியிடம் ஓடினார். பெரிய முதலாளியின் படத்தைப் பெயின்ட்டில் வரைவதைவிடக் கம்பெனித் தோலில், கம்பெனிப் பெண்ணின் கையால் செய்தால் வெளிநாட்டுக்காரர்கள் மயங்கிப் போவார்கள் என்றாராம். எனக்கும் ஒரு பாடம் எடுத்தார். கலை என்றால் பார்க்கிறவர் மனசுக்கு அமைதி கொடுக்க வேண்டுமாம். நான் தலையாட்டினேன். அமைதிதான் வேண்டுமென்றால் மருந்துக்கடையில் மாத்திரை விற்கிறதே, அதற்கு எதற்குப் படம் என்று கேட்க நினைத்து வாயை அடக்கிக்கொண்டேன்.

அருணகிரி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டான். இறந்துபோன அப்பா ஏகாம்பரத்தின் நான்கு போட்டோக்களை மேசைமேல் பரப்பினான். "அப்பா மொகத்துல அந்தக் கருணை வரணும்மா. அதான் முக்கியம்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அப்பனை நினைத்து அழத் தெரிந்த வாய்தான், இன்னொருத்தியின் புருஷனைத் திருடன் என்றது. வந்துடும் சார் என்றேன். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும், தோலுக்கு வெளிச்சம் முக்கியம், படம் எந்தச் சுவரில் என்பதை நான் சொல்கிறேன் என்றேன். சரி என்றான்.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுவேடு என்று ஒரு தோல் இருக்கிறது. தோலின் உள்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து மெல்லிய முடி எழுப்பியிருப்பார்கள். அந்த முடி ஒரு பக்கமாகப் படுத்திருக்கும். படுத்த பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு நிறம், எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு நிறம். அதனால் ஒரு ஜோடியின் இரண்டு ஷூவுக்கும் முடி ஒரே திசையில் படுக்கும்படி வெட்ட வேண்டும். கட்டிங்கில் புதிதாகச் சேர்கிற எல்லோரும் தப்பாமல் செய்யும் தப்பு, தோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று துண்டைத் திருப்பி வைத்து வெட்டுவது. சேர்ந்த மாதம் நானும் அப்படி நாற்பது ஜோடி வெட்டிவிட்டேன். இடது ஷூ வெளுப்பு, வலது ஷூ கருப்பு. சூப்பர்வைசர் மொத்தத்தையும் என் மேசைமேல் கொட்டிவிட்டுக் கத்தினார். வீட்டுக்கு வந்து அழுதபோது அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஒரே தோலுதானே. நீ நிக்கிற எடத்தப் பொறுத்து ஒரு கலரு. இதுக்கா அழுவுற?" என்றான்.

அருணகிரியின் ஆபீசிலிருந்து வெளியே வந்து படியிறங்கும்போது இந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. அங்கேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அடர் பழுப்பில் ஒரு சுவேடு, வெளிர் பழுப்பில் ஒன்று. முடி கிழக்கே படுத்த துண்டு, மேற்கே படுத்த துண்டு. இந்த நாலையும் மாற்றி மாற்றி ஒட்டினால் ஒரே பலகையில் இரண்டு முகம் வரும். புது ஹாலுக்கு இரண்டு வாசல். கிழக்கில் கண்ணாடிக் கதவு, முதலாளிக்கும் விருந்தாளிக்கும். மேற்கில் எங்கள் வழி, முகத்தைக் காட்டி வருகை பதிகிற மெஷின் அங்கேதான். படத்துக்கு நான் கேட்கப்போகும் நடுச்சுவருக்கு நேர் எதிரே வரவேற்பு மேசை. நேருக்கு நேர் யாரும் நிற்க முடியாது. கிழக்கிலிருந்து வருகிறவனுக்கு அவன் அப்பா. மேற்கிலிருந்து வருகிற எங்களுக்கு என் அண்ணன். வேலை செய்தவனையே வேலை செய்யவில்லை என்றானே, இனி அந்த அருணகிரியே நாள்தோறும் என் அண்ணனைக் கும்பிடட்டும்.

அண்ணன் முகத்துக்குப் போட்டோ வேண்டும். ஆலங்காயத்துக்குப் பஸ் ஏறினேன். அண்ணியிடம் இருந்தது ரேஷன் கார்டுக்கு எடுத்த ஒரு சின்ன போட்டோ. புருவம் கிழிவதற்கு முன் எடுத்தது. விஷயத்தைச் சொன்னதும் அவள் போட்டோவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். உன் கோபத்துக்கு அவரை இழுக்காதே என்றாள். பிறகு கேட்டாள்:

"படம் வந்து பேசுமா ஹேமா? எனக்குப் படம் வேணாம். அந்தாளு திருட வர்லன்னு ஒருத்தர் வாயால சொன்னா போதும். உன் படம் அதச் சொல்லுமா?"

சொல்லும் என்று என்னால் சத்தியம் பண்ண முடியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகி எழுந்தபோது அவளே போட்டோவைக் கையில் வைத்தாள். புருவம் எந்த இடத்தில் பிரிந்திருந்தது என்று என் நெற்றியில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள்.

சாம்பிள் ரூமில் தனியாக ஒரு மேசை கொடுத்தார்கள். இருபத்தாறு நாள் வெட்டினேன், ஒட்டினேன். ஏகாம்பரத்தின் முகத்தைச் செய்யும்போதெல்லாம் எனக்கு அவர் மகன்தான் தெரிந்தான். உதட்டோரத்தில் கொஞ்சம் பேராசையை வைத்தேன். கண்ணைக் கொஞ்சம் சுருக்கினேன். பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு மேற்குப் பக்கம் போய் நின்று பார்த்தேன். என் அண்ணன் திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு முகமும் ஒரே துண்டுகளால் ஆனவை. அவர் கண்ணை நான் கெடுத்தால் இவன் கண்ணும் கெடும். அருணகிரி ஸ்டேஷனில் செய்ததை நான் என் கையாலேயே செய்து வைத்திருந்தேன். அத்தனையையும் பிய்த்துக் குப்பையில் போட்டேன். மேசையில் தலை வைத்து அழுதேன்.

மறுபடி ஆரம்பிப்பதற்கு முன் பெரியவரைப் பற்றி விசாரித்தேன். பழைய ஆட்கள் சொன்னார்கள்: டிரம் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லோரோடும் சாப்பிடுவார், தொட்டியைச் சுத்தம் பண்ணும் நாளில் கூடவே நிற்பாராம். நல்லவர் போலத்தான் இருக்கிறது. இருக்கட்டும். அப்படிப்பட்டவருக்கு இவன் பிறந்தானே என்று என் கோபம் கூடத்தான் செய்தது. ஆனால் அந்தக் கோபத்தைக் கத்திமேல் வைக்காமல் வெளியே வைத்துவிட்டு வெட்டப் பழகினேன். பழிக்காகத்தான் செய்தேன், மறைக்கவில்லை. ஆனால் வெட்டுகிற நேரத்தில் கன்னம் கன்னமாக வர வேண்டும் என்பது தவிர வேறு நினைப்பு இல்லை. பெரியவரின் கருணையை அவர் போட்டோவில் இருந்தபடியே எடுத்தேன். அண்ணனின் புருவப் பிளவை அண்ணி காட்டிய இடத்தில் வைத்தேன். முடித்துவிட்டு மேற்கே போய் நின்றபோது, சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு கிளம்பியவன் அங்கே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திறப்பு விழா அன்று நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். மறுநாள் காலையிலிருந்து மேற்கு வாசலில் ஒரு பழக்கம் வந்தது. மெஷினில் முகம் காட்டிய பிறகு ஒவ்வொருவரும் ஒரு நொடி படத்தின் பக்கம் திரும்புவார்கள். அண்ணனோடு டேனரியில் இருந்துவிட்டு ஷூ கம்பெனிக்கு மாறிய ஒருவர் தினமும் "வர்றேம்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். உருவப்படம் எதையும் நிமிர்ந்து பார்க்காத சுகரா ஆப்பாகூட அந்த இடத்தில் நடையைக் குறைப்பாள். உதடு மட்டும் அசையும். என்ன ஓதினாள் என்று நான் கேட்கவில்லை.

அருணகிரி அமாவாசைக்கு அமாவாசை தன் அம்மா கோவிந்தம்மாளை அழைத்துவந்து கிழக்குப் பக்கம் நின்று விளக்கேற்றினான். அந்த அம்மாள் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்வார். முதல் மாதம் எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டமாக இருந்தது. மூன்றாவது மாதம் கசந்தது. அவன் கும்பிடுகிறான், ஆனால் யாரைக் கும்பிடுகிறோம் என்று தெரியாமலே கும்பிடுகிறான். தூங்குகிறவனை அடித்தால் அது அடியா? ஆலங்காயத்தில் குடம் இன்னும் நகர்த்தித்தான் வைக்கப்பட்டது.

மே மாதம் ஆடிட்டுக்கு ஆள் வருகிறது என்றார்கள். எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் வருஷத்துக்கு ஒரு தடவை அனுப்பும் ஆள். நெருப்பு அணைக்கும் சிலிண்டர் இருக்கிறதா, வேலை செய்கிறவர்களை மரியாதையாக நடத்துகிறார்களா என்றெல்லாம் பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். அவர்கள் எழுதினால்தான் ஆர்டர். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஆபீசில் எங்களுக்கு முன்கூட்டியே ஒப்பிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். என் மனசில் இருப்பதைச் சுகரா ஆப்பா கண்டுபிடித்துவிட்டாள்.

"பேஜார் பண்ணாத ஹேமா" என்றாள். "தினம் காலைல நாங்க பாக்குறோம்ல. எங்களுக்குன்னு இங்க இருக்குறது அது ஒண்ணுதான். அவனுக்குத் தெரிஞ்சா பிச்சிப் போட்டுடுவான். அப்புறம் யாருக்கும் இல்ல."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் செய்த படம் எனக்குத் தெரியாமலே அவர்களுடையதாக ஆகியிருந்தது. அதைப் பணயம் வைக்க எனக்கு என்ன உரிமை என்று அவள் கேட்காமல் கேட்டாள். ஆனாலும் எனக்குப் போதாது ஆப்பா என்றேன்.

ஆடிட்டுக்கு வந்தவள் இஃப்ரா என்ற பெண். முப்பது வயதிருக்கும். வேலூர் பக்கம் பாகாயத்தில் வளர்ந்தவளாம், சென்னையில் வேலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அருணகிரி அவளைக் கிழக்கு வாசல் வழியாக ஹாலுக்குள் அழைத்து வந்தான். படத்தைப் பார்த்து அசந்துபோய் யார் செய்தது என்று கேட்டிருக்கிறாள். நம் லேபர்தான் என்று பெருமையடித்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். நான் போனபோது மேற்கு வாசலில் சாப்பிட்டுத் திரும்பும் கூட்டம் மெஷினுக்கு வரிசையில் நின்றிருந்தது. சுகரா ஆப்பா அதில் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ நின்றாள். என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மெதுவாக அசைத்தாள்.

எப்படிச் செய்தீர்கள் என்று இஃப்ரா கேட்டாள். நான் மேற்குப் பக்கம் கையைக் காட்டினேன்.

"இங்கருந்து பாத்தா பாதிதான் மேடம் தெரியும். அந்தப் பக்கம் வாங்க, காட்டுறேன். சார், நீங்களும் வாங்க. நீங்க ஒரு தடவகூட அங்கருந்து பாத்ததில்ல."

சிரித்துக்கொண்டே வந்தான். மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு எட்டு இருக்கும். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். மெஷின் பக்கத்தில் போய் நின்று திரும்பினான். அவன் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, கண் மட்டும் எங்கேயோ போய்விட்டது.

"பாண்டியா" என்றான்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஸ்பீக்கரில் கேட்ட அதே குரல். ஆபீஸ் வாசலிலிருந்து டிரம்மை நோக்கிக் கூப்பிடும் குரல். பார்த்ததே இல்லை என்று எழுதிக் கொடுத்த ஆளைப் பார்த்த நொடியில், வாய் தானாகப் பெயரைச் சொல்லிவிட்டது.

இஃப்ரா அவனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பாண்டியன் யார் என்று கேட்டாள். யாருமில்லை, தெரியாது என்றான். இப்போதுதானே பெயர் சொன்னீர்கள் என்றாள். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஒப்பித்தலில் இந்தக் கேள்வி இல்லை, அவனுக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

வரிசையிலிருந்து சுகரா ஆப்பா வெளியே வந்தாள். தலையில் முக்காட்டைச் சரி பண்ணிக்கொண்டாள்.

"பதினோரு வருஷம் இவங்க டேனரியில டிரம் பாத்தவரு மேடம். எங்க எல்லாருக்கும் தெரியும். திருட வந்தாருன்னு எழுதிட்டாங்க. அவரு திருட வர்ல."

வேண்டாம் என்று தலையாட்டியவள் அவள்தான். அவளுக்குப் பின்னால் தினமும் "வர்றேம்பா" சொல்கிறவர் பேசினார். பிறகு இன்னொருவர், இன்னொருவர். புருவம் கிழிந்த கதையை ஒருவர் சொன்னார், கர்ச்சீப்பின் நிறத்தோடு. கடைசியாக நான் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம போன் பண்ணிக் கூப்ட்டது இவரு. நான் பக்கத்துல ஒக்காந்திருந்தேன். நான் பாண்டியன் தங்கச்சி."

பதினாறு வருஷத்தில் அன்றைக்குத்தான் அருணகிரி என் முகத்தைப் பார்த்தான். நன்றாகப் பார்க்கட்டும் என்று நானும் நிமிர்ந்து நின்றேன். பிறந்ததிலிருந்து எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாயங்காலமே என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். எல்லோரும் போன பிறகு, சுவேடு ஷூ துடைக்கும் பித்தளைக் கம்பி பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு அவன் தன் கையாலேயே மேற்குப் பக்கம் நின்று படத்தைத் தேய்த்தானாம். முடியின் திசை புரண்டு அண்ணன் முகம் அழிந்தது. ஆனால் ஒரே துண்டுகள்தானே. கிழக்கே போய்ப் பார்த்தபோது அவன் அப்பாவின் இடது கண் மூடிப்போய், வாய் கோணியிருந்தது. வாதம் வந்த மனிதர் மாதிரி இருந்தது என்று சுகரா ஆப்பா போனில் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். நான்தான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை.

இஃப்ரா தான் கேட்டதை அப்படியே எழுதி அனுப்பினாள். ஆர்டர் நின்றுவிடும் என்றதும் கம்பெனி வக்கீல் ஓடிவந்தார். பத்தாம் நாள் ஆலங்காயத்துக்குப் பதிவுத் தபால் போனது. கம்பெனி முத்திரையோடு ஒரு காகிதம். பாண்டியன் எங்களிடம் பதினொரு வருஷம் வேலை பார்த்தவர், நாங்கள் அழைத்ததன் பேரில் வந்து, வேலையின்போது இறந்தார், திருட்டு என்று முன்னர் கூறியது தவறு. போலீசுக்கும் ஒரு நகல். அண்ணி அதை முப்பது ஜெராக்ஸ் எடுத்துக் குழாயடியில் நின்று ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாளாம். வாங்க மறுத்தவர்களின் குடத்துக்குள் மடித்துப் போட்டாளாம். எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் கோபக்காரி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஆனால் அந்தக் காகிதம் வக்கீல் எழுதியது. எனக்கு அவன் வாய் வேண்டியிருந்தது.

அதற்கு அடுத்த அமாவாசை வந்தது. அம்மாவை அழைத்துவராமல் இருக்க என்னென்னவோ சாக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறான். கோவிந்தம்மாள் விடிந்ததுமே தானாகவே ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். படத்தைப் பார்த்து, அவர் முகத்துக்கு என்னடா ஆச்சு என்று கேட்டுவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். சரியாகும் வரை எழுந்திருக்க மாட்டேன் என்றாராம். ஒரு மணி நேரத்தில் என் வீட்டு வாசலில் கம்பெனி கார் நின்றது.

முதல் தடவையாகக் கிழக்கு வாசல் வழியாக உள்ளே போனேன். அந்த அம்மாள் மூலையில் விளக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மேற்குப் பக்கம் எட்டு மணி ஷிப்ட் வரிசை நின்றிருந்தது. அருணகிரி என் பக்கத்தில் வந்து, மெல்லிய குரலில், சரி பண்ணிக் கொடு என்றான். ஆவி காட்டி முடியைத் தூக்கி, பழைய திசைக்குத் திருப்பிப் படிய வைத்தால் சரியாகிவிடும். ஒரு நாள் வேலை. அவனுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும்.

"சரி பண்ணா ரெண்டு பேரும்தான் சார் வருவாங்க" என்றேன். "ஒருத்தர மட்டும் கொண்டார முடியாது."

"தெரியும். பண்ணு."

"யார் யாரன்னு சொல்லுங்க சார். தப்பா பண்ணிடக் கூடாது."

அவன் தன் அம்மாவைப் பார்த்தான். மேற்கே வரிசையைப் பார்த்தான். எல்லோரும் இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவசரப்படவில்லை. ஆறு வருஷம் காத்திருந்தவளுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் பெரிய விஷயமில்லை.

"அப்பாவை" என்றான்.

"அப்புறம்?"

குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பாண்டியனை" என்றான்.

"கேக்கல சார். அங்க நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்."

"பாண்டியனை" என்று உரக்கச் சொன்னான்.

நான் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு மேற்குப் பக்கத்திலிருந்து வேலையை ஆரம்பித்தேன்.